பழைய பிக்கப்பை நம்பி, ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குக் கிளம்புவது எப்படி?

பெங்களூரில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு அந்த போன் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகிறது. "அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், உடனே கிளம்பி வா." அந்த நேரத்துக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் போயிருக்கும். தீபாவளி, பொங்கல் வாரம் என்றால் ஆம்னி பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இடம்கூடக் கிடைக்காது. வாசலில் நிற்பது, காலையில் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற பழைய பிக்கப் ஒன்றுதான்.

நான் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். 2010 மாடல் டாடா 207 பிக்கப் வைத்துக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி இறக்குகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இந்த வண்டியில் அவசரமாக ஊருக்குப் போனது இரண்டு தடவை. முதல் தடவை போன விதத்தை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கியிருக்கிற தம்பிகள் சிலர், "அண்ணே, இதுல ஊர் வரைக்கும் போகலாமா?" என்று கேட்டார்கள். போகலாம். எப்படிப் போவது என்பதைக் கிளம்புகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

2017-இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்ததும், இருந்த வேகத்தில் சாவியைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். பக்கத்தில் மனைவியும் அவள் மடியில் குழந்தையும். காவேரிப்பட்டணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ராத்திரி இரண்டரை மணிக்கு, பானெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப் ஓரத்திலேயே பிளந்துவிட்டது. அதே இடத்தில் பச்சையாகக் கறை படிந்திருந்ததை ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்திருந்தேன். "அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்று விட்டிருந்தேன். தர்மபுரியில் கடை திறந்து ஹோஸ் வாங்கி மாட்டி வண்டி நகர்வதற்குள் ஐந்து மணி நேரம் போய்விட்டது. நான் நெல்லை போய்ச் சேர்ந்தபோது அப்பாவை ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். மறுநாள் மதியம்தான் பார்க்க விட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

2022-இல் தாய்மாமா தவறிப்போனபோது வீட்டில் ஒரு மணி நேரம் செலவழித்து வண்டியைப் பார்த்துவிட்டு, ராத்திரி பத்தரைக்குக் கிளம்பினேன். அதே வண்டி, ஐந்து வருடம் கூடுதல் வயது. காலை பத்து மணிக்கு ஊர் வாசலில் இருந்தேன்.

முதலில், வண்டியை எடுக்கலாமா?

நோயாளியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு பிக்கப் சரிப்படாது. பெங்களூரிலோ வழியிலோ யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்தக் கட்டுரை நாம் போய்ச் சேர வேண்டிய பயணத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது, எத்தனை பேர்? ஆர்.சி.யில் டிரைவர் உட்பட எத்தனை சீட் என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர், கேபினுக்குள். துக்க வீடு என்றால் தெருவில் நாலு சொந்தக்காரர்கள், "பின்னாடி பாய் விரிச்சு உட்கார்ந்துக்கறோம்" என்பார்கள். மறுப்பது கஷ்டம்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. அப்படி உட்கார்ந்தவர்களுக்கு ஏதாவது ஆனால் வண்டியின் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. ஒரு துக்கத்துக்குப் போகிற வழியில் இன்னொன்றை உண்டாக்க வேண்டாம்.

மூன்றாவது, வண்டியில் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சாவியை எடுத்த இடத்திலேயே வையுங்கள்:

பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது.
எஞ்சின் ஆயில் மூடிக்கு அடியிலோ டிப் ஸ்டிக்கிலோ காபி நுரை மாதிரி வெளுத்த குழம்பு இருக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கலாம் என்று அர்த்தம்.
டயரில் நூல் தெரிகிறது, அல்லது பக்கவாட்டில் புடைத்திருக்கிறது.

இவற்றை ராத்திரியில் அவசரத்தில் சரிசெய்ய முடியாது. அப்படியானால் வேறு வழி இருக்கிறது. பெங்களூரிலிருந்து நேரடி பஸ்ஸில் இடம் இல்லாவிட்டாலும் ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் அரசு பஸ்கள் உண்டு. சேலத்திலிருந்து மதுரைக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓடும். துண்டு துண்டாக மாறிப் போவது அலுப்புதான், ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். 2017-இல் எனக்கு இந்த யோசனை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் ஒரு மணி நேரம்

மனசு பறக்கும். பரவாயில்லை, வீட்டில் மற்றவர்கள் துணி எடுத்து வைப்பதற்குள் இதைச் செய்துவிடலாம். வரிசை முக்கியம். வண்டி ஆறிக் கிடக்கும்போது பார்க்க வேண்டியதை முதலில் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் இந்த மூடியைத் தொடவே கூடாது. மூடி போட்டிருக்கும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நிமிடம் கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். மூடியின் உள்பக்க ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் தானாகக் குறைந்துகொண்டே வரும்.

அடுத்தது ஹோஸ். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அமுக்குங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி உடனே எழும்பும். போகப்போகிற ஹோஸ் இரண்டு விதமாகக் காட்டிக்கொடுக்கும்: அப்பளம் மாதிரி நறநறவென்றிருக்கும், இல்லையென்றால் ஊறின தோசை மாதிரி கொழகொழவென்றிருக்கும். கிளிப் உட்காரும் இடத்தில் ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள், பிளவு அங்கேதான் ஆரம்பிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. ஹோஸ்கள் இரண்டையும், ஃபேன் பெல்ட்டையும் எப்போதும் புதிதாக ஒரு செட் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். ஜே.சி. ரோட்டில் எந்தப் பழைய மாடலுக்கும் கிடைக்கும். சிவாஜிநகரில் பழைய பாகங்கள் கிடைக்கும். கண்ணாடி, லைட், கதவுக் கைப்பிடிக்கு அது போதும். ஹோஸ், பெல்ட், பிரேக் சாமான்களில் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலத்துக்குள் இறங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் தண்ணீர் பம்பும் டைனமோவும் சரியாகச் சுற்றாது. உள்பக்கத்தைத் திருப்பி வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் அளவு. பிரேக் ஆயில் கறுத்திருந்தால் அது ஈரத்தை இழுத்திருக்கிறது. சமவெளியில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் வெறுமனே உள்ளே போகும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி மெக்கானிக்கைக் கேளுங்கள். பல பேர் குறைந்தால் மேலே ஊற்றுவதோடு விட்டுவிடுகிறார்கள்.

பிரேக் சோதனை இரண்டு. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். கால் இறங்கக் கூடாது. பிறகு எஞ்சினை நிறுத்தி, நாலைந்து தடவை அடித்து, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தாழ்ந்தால், பிரேக் மிதிக்கக் கைகொடுக்கிற பூஸ்டர் வேலை செய்கிறது. தாழவில்லையென்றால் பூஸ்டர் உதவவில்லை, இரண்டு மடங்கு மிதிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியோடு தொப்பூர் மலை இறக்கத்தில் இறங்க வேண்டாம்.

டயர்: காற்று அளவைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கிற அட்டையிலோ கையேட்டிலோ பார்த்து வையுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. பட்டன் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் வருடம் 32-ஆவது வாரத்தில் செய்தது. நம் வண்டிகள் ஊருக்குள் குறைவாக ஓடுவதால் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து. முன்னால் ரீட்ரேடு டயர் (தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது) போட்டிருந்தால், நல்ல டயரை முன்னுக்கு மாற்றுங்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கொதிநீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் ரொம்ப உதவும். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14 பக்கம் காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. என்னுடையது போல மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பகலில் அணைக்காமல் ஓட்டிச் சேர்ந்துவிடலாம். ராத்திரியில் ஹெட்லைட் சீக்கிரமே மங்கிவிடும், அப்போது விடியும் வரை நிற்பதைத் தவிர வழியில்லை. புது வண்டிகளில் எல்லாமே கரண்ட்டை நம்பியது, பகலிலும் நின்றுவிடும்.

கடைசியாக, பின்னால். காலி கிரேட், சாக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், காற்றில் பறந்து பின்னால் வரும் பைக்காரர் மேல் விழும். ஆனால் சரக்குத் தொட்டியை மொத்தமாகக் காலியாக விடாதீர்கள். இந்த வண்டியின் ஸ்பிரிங் பட்டை எடை தாங்குவதற்கென்றே செய்தது. வெறும் வண்டியில் பின்பக்கம் குதிக்கும், பிரேக் அடித்தால் பின் சக்கரம் உருளாமல் வழுக்கும், மழையில் வால் திரும்பிவிடும். நான் ஐம்பது கிலோ மணல் மூட்டை நாலை எடுத்துப் பின் அச்சுக்கு மேலே வருகிற மாதிரி வைத்துக் கயிற்றால் கட்டிவிடுவேன். கட்ட மறந்தால் அதுவும் ஆபத்து.

சீட்டுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்

ஹோஸ், பெல்ட் சொல்லிவிட்டேன். அதோடு கிளிப் நாலு, டீசல் ஃபில்டர் ஒன்று, ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, அரை லிட்டர் பிரேக் ஆயில், இரண்டு லிட்டர் எஞ்சின் ஆயில், ரேடியேட்டருக்கு இருபது லிட்டர் கேனில் தண்ணீர். ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகை. இழுக்கும் கயிறு. சிவப்பு முக்கோணப் பலகை. நெற்றியில் மாட்டுகிற டார்ச் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்.

ஜாக்கி வேலை செய்கிறதா என்று ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடுங்கள். வீல் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கி வையுங்கள். துருப்பிடித்த நட்டை ராத்திரி ரோட்டோரம் கழற்றுவது தனி நரகம். பஞ்சர் கடையில் மிஷின் போட்டு இறுக்கியிருந்தால் கையால் அசையவே அசையாது.

காகிதங்கள், காசு

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), புகைச் சான்று, லைசென்ஸ். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் இருந்தாலே செல்லும், ஆனால் போனில் சார்ஜ் இல்லாத நேரத்துக்கு ஒரு ஜெராக்ஸும் வையுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும், தேதி முடிந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் என்றால் மாநிலம் தாண்ட பர்மிட் வேண்டும். உங்கள் ஆர்.சி.யில் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்துக்கொண்டு 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. அதனால் கூட வருகிற மச்சானிடம் கார் லைசென்ஸ் இருந்தால் அவரும் கைமாற்றி ஓட்டலாம்.

ஃபாஸ்டேக்கில் பணம் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் கூடுதல் கட்டணம். 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி என்று ஆரம்பித்து வழி நெடுக டோல்தான். ரொக்கமாக மூவாயிரம் ரூபாய், சில்லறை நோட்டுகளாக. ராத்திரி மூன்று மணிக்கு உதவ வருகிற மெக்கானிக்கின் போனில் சிக்னல் இல்லாமல் போகலாம்.

டீசலை அத்திப்பள்ளிக்கு முன்பே முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். கர்நாடகாவில் விலை பெரும்பாலும் கொஞ்சம் குறைவு. பழைய வண்டி டேங்கின் அடியில் கசடு இருக்கும், அளவு குறையக் குறைய அது ஃபில்டருக்குப் போகும். அதனால் கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். என் வண்டி லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கிறது, மதுரை வரை நாற்பது லிட்டர் ஆகும்.

ரோடு

நகரத்தின் மேற்குப் பக்கம், மாகடி ரோடு, கெங்கேரி, பீன்யா பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் புகுந்து சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல், நகரத்தைச் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டைப் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓசூர் ரோட்டில் ஏறுங்கள். டோல் கூடுதல்தான், ஆனால் கிளட்ச் பிளேட் மிச்சம்.

அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டி ஓசூர். கிருஷ்ணகிரியில் சென்னை, வேலூர் போகிறவர்கள் இடப்பக்கம் பிரிவார்கள், திருவண்ணாமலைக்காரர்கள் ஊத்தங்கரை, செங்கம் வழி. மற்றவர்கள் தேசிய நெடுஞ்சாலை 44-லேயே தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. பெங்களூரிலிருந்து சேலம் 200 கிலோமீட்டர், மதுரை சுமார் 435, திருநெல்வேலி சுமார் 590. பழைய பிக்கப்பில் 60-65 கிலோமீட்டர் வேகத்தில் போனால் போதும். நிற்பதெல்லாம் சேர்த்து மதுரைக்கு ஒன்பது மணி நேரம், நெல்லைக்குப் பன்னிரண்டு. ஊரில் காத்திருப்பவர்களிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள். எட்டு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டால் அந்த வாக்கைக் காப்பாற்ற கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்.

கோயம்புத்தூர்க்காரர்கள் சிலர் சாம்ராஜ்நகர், திம்பம் வழியை யோசிப்பார்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்பதால் அந்த மலைப்பாதையில் சரக்கு வண்டிகளுக்கு ராத்திரியில் தடை. 27 கொண்டை ஊசி வளைவு வேறு. அவசரத்துக்கு அது சரிப்படாது, சேலம், அவினாசி வழியே வாருங்கள்.

காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் நாட்களில் எல்லையைப் பற்றி விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பஸ்களும் லாரிகளும் பெங்களூரில் எரிந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். 2023 செப்டம்பரிலும் பந்த் நடந்தது. பந்த் பெரும்பாலும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. அதற்கு முன்போ பின்போ எல்லையைத் தாண்டுவது நல்லது. நம் வண்டி கே.ஏ. (கர்நாடக) பதிவெண் என்பதால் அந்தப் பக்கமும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

தொப்பூர்

இந்தப் பயணத்தில் நான் பயப்படுகிற இடம் இது ஒன்றுதான், அதனால் தனியாகச் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் நமக்கு இது நீளமான இறக்கம். தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளை எண்ண முடியாது. பல விபத்துகளுக்குக் காரணம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவது.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, பலகை தெரிந்ததும், வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். லோடு இருந்தால் இரண்டாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும். எஞ்சின் கத்தும், கத்தட்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் ஏறும்போது நன்றாக அழுத்தி, குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் பிரேக் டிரம் ஆறும். இறங்கும்போது எந்தக் காரணத்துக்கும் எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் பூஸ்டரும் போய்விடும்.

கருகின வாடை, பழைய ரப்பரும் மாட்டுக்கொம்பும் சேர்த்து எரித்த மாதிரி, வந்தால் அது பிரேக் லைனிங். முன்னால் போகிற லாரியினுடையதாகவும் இருக்கலாம், அப்போது தள்ளி வாருங்கள். உங்களுடையது என்றால் அகலமான இடம் பார்த்து இடது ஓரம் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டு டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

முன்னால் சிமென்ட்டோ இரும்போ ஏற்றிய கனரக லாரி போனால் அதன் பின்னாலும் ஒட்டாதீர்கள், அதன் முன்னாலும் போய் நிற்காதீர்கள். பிரேக் இல்லாமல் வருகிற லாரிக்கு முன்னால் நிற்பதுதான் தொப்பூரில் மோசமான இடம்.

தூக்கமும் போனும்

ராத்திரி இரண்டிலிருந்து விடியற்காலை ஆறு வரை உடம்பு தூங்கியே ஆக வேண்டும் என்று கேட்கும். டீ கொஞ்ச நேரம்தான் தாங்கும். கண் எரிந்து, கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று நினைவில்லாமல் போனால், அடுத்த பெட்ரோல் பங்க்கிலோ டோலுக்குப் பக்கத்திலோ நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோர இருட்டில் நிறுத்தித் தூங்க வேண்டாம், பின்னால் வருகிற வண்டி வந்து மோதும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டு போனாலே சூடு தெரியும், தொட வேண்டாம். நாலில் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகப்போகிறது.

போன் விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஊரிலிருந்து பத்துப் பேர் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் அழுவார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, "நான் நிறுத்தும்போது நானே கூப்பிடுறேன், நீ கூப்பிடாதே" என்று சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது உங்கள் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கெட்ட செய்தி வந்தால் வண்டி நின்ற பிறகே சொல்ல வேண்டும் என்று அவருக்கும் சொல்லிவையுங்கள். மாமா தவறிய ராத்திரி என் மனைவி இப்படித்தான் நாமக்கல் வரை ஒரு செய்தியை மனசுக்குள் வைத்திருந்து, டீக்கடையில் நான் கிளாஸைக் கீழே வைத்த பிறகு சொன்னாள்.

வழியில் நின்றுபோனால்

முதலில் இடது ஓரம், நாலு இண்டிகேட்டர், முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டர் தள்ளியாவது பின்னால். எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. ரோந்து வண்டி, இழுவை வண்டி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பொது அவசரத்துக்கு 112.

டெம்பரேச்சர் முள் ஏறினால் உடனே நிறுத்துங்கள், இன்னும் இரண்டு கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு ஈரத்துணி போட்டு மூடியைப் பாதி திருப்பி ஆவியை விட்டு, பிறகு திறந்து, எஞ்சினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விடும்.

வண்டி இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றால் பெரும்பாலும் டீசல் ஃபில்டர் அடைப்பு அல்லது ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று புகுந்து தடுப்பது). ஃபில்டரை மாற்றிவிட்டு, அதன் தலையில் இருக்கிற ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரைநுரையாக வரும். குமிழி இல்லாமல் தெளிந்த கோடாக டீசல் வந்ததும் பம்பை அடித்துக்கொண்டே ஸ்குருவை இறுக்குங்கள். பத்து நிமிட வேலை. வீட்டு வாசலில் வைத்து உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஓட்டிப் போகிற நிலையில் வண்டி இருந்தால், சேலத்துக்குத் தெற்கே நாமக்கல் வரை கொண்டுபோகப் பாருங்கள். லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர், பழைய டீசல் வண்டியைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஊர் சேர்ந்த பிறகு

டர்போ உள்ள வண்டி என்றால் வந்ததும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளே போங்கள், வண்டி அங்கேயேதான் நிற்கும்.

திரும்புகிற அன்று மட்டும் மறக்காமல் பாருங்கள். வரும்போது இறக்கமாக இருந்த தொப்பூர், போகும்போது ஏற்றம். பிரேக்குக்குப் பதில் ரேடியேட்டருக்குச் சோதனை. மதிய வெயிலில் அங்கே ஏறாதபடி நேரத்தைக் கணக்குப் பண்ணி, சேலத்தில் எஞ்சின் ஆறும் வரை நின்று தண்ணீர் பார்த்துவிட்டு ஏறுங்கள். பின்னால் வாழைத்தாரும் அரிசி மூட்டையும் ஏற்றிவிட்டிருப்பார்கள், மணல் மூட்டையை இறக்கிவிட்டு அதை அந்த இடத்தில் கட்டிக்கொள்ளலாம்.